மஞ்சள் வைக்காத வேட்டி

என் கை சும்மா இருக்காது. இதற்காகச் சின்ன வயதில் வாங்கிய அடியும் திட்டும் கொஞ்சமல்ல. அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் கோணலாகக் கிடக்கும் பாயை நேராக்குவேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரியின் ரவிக்கையில் நூல் தொங்கினால் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. "உன் கைய கட்டிப் போட்டாத்தான்டி ஊருக்கு நிம்மதி" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். யாராவது நிஜமாகவே கட்டிப் போட்டிருக்கலாம். போன வருஷம் இலங்கைக்குப் போனபோது, ஒரு தாய் தன் தங்கைக்கு அனுப்பிய ஒரே சேதியை இந்தக் கைதான் கெடுத்தது. வாயால் சொல்ல முடியாத சேதி. அதை ஒரு வேட்டியில் வைத்து என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அந்தத் தாயை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆரணிக்கு வெளியே இலங்கைக்காரர்கள் இருக்கும் முகாமில் வீடு. எங்கள் வீட்டில் நாலு தறி ஓடுகிறது, பட்டுச் சேலையும் பட்டு வேட்டியும். தறியிலிருந்து இறங்கிய சேலைக்கு முந்தானை நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக் குச்சு கட்ட வேண்டும். அந்த வேலை அக்காவுடையது. பதினைந்து வருஷமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பையோடு வந்து, கூடத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருப்பார். பேச்சு குறைவு. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

கடைசிச் சண்டைக்குக் கொஞ்ச வருஷம் முன்னால் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் படகேறி வந்தவர்கள். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்ததாம். ஒரே மகன், பத்தொன்பது வயது, அக்காவின் தங்கையிடம் நின்றுகொண்டான். அடுத்த படகில் வருவதாகப் பேச்சு. அடுத்த படகு வரவில்லை. சண்டை முடிந்து ஊரெல்லாம் அடங்கிய பிறகும் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காணாமல் போனவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. தங்கை அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு ரோட்டோரப் போராட்டக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். வாரம் ஒருமுறை போனில், "தேடிக்கொண்டுதான் இருக்கிறம்" என்பாள். "ஓம், தேடுங்கோ" என்பார் அக்கா. அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

அக்காவின் வீட்டுக்காரர் முகாமிலேயே செத்துப்போனார். கொள்ளி வைக்க மகன் எங்கே என்று விவரம் தெரியாத ஒருவர் கேட்டுத் தொலைத்தார். "வருவான்" என்றார் அக்கா. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் வைத்தார்.

போன வருஷம் எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம் இலங்கைக் கோயில்களுக்குக் கிளம்பியது. திருக்கேதீஸ்வரம், நல்லூர், திருக்கோணேஸ்வரம். கூடவே போளூரில் இருந்து நாலு பேர், சந்தவாசலில் இருந்து ஒரு குடும்பம், மடு மாதாவைப் பார்க்க வேண்டும் என்று சேத்துப்பட்டில் இருந்து ஒரு ரிட்டையர்டு டீச்சர். வீட்டுக்காரர், "நீ போய்ட்டு வா, தறிய நான் பாத்துக்கறேன்" என்றார். நான் போகிறேன் என்றதும் தெருவே வந்து பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுத்தது, அர்ச்சனைக்கு. அக்கா மட்டும் கொடுக்கவில்லை.

"இன்னாக்கா, நீங்க ஒண்ணும் எழுதலயே? அவன் பேரு நட்சத்திரம் சொல்லுங்க, உங்க ஊரு சாமிகிட்டயே ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வரேன்."

"வேண்டாம் பிள்ளை" என்றார். "ஒரு வேட்டி தாறன். தங்கச்சியிட்ட குடுத்தாக் காணும்." போதும் என்பதை அவர்கள் காணும் என்பார்கள்.

அலமாரியில் இருந்த வேட்டிகளை எல்லாம் கீழே இறக்கி அக்காவே பார்த்து எடுத்தார். இரண்டு விரல் அகலச் சரிகைக் கரை போட்டது. "மாப்பிள்ளை வேட்டியா எடுத்துட்டீங்க!" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. மடித்து, துணிப் பையில் போட்டு, வாயை நூலால் தைத்தே விட்டார். "பிரிக்காதேங்கோ, அப்பிடியே குடுங்கோ" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதுத்துணி எதுவானாலும் ஒரு முனையில் துளி மஞ்சள் தொட்டு வைத்துத்தான் கட்டுவோம், கொடுப்போம். எங்கள் வீட்டில் கல்யாண வேட்டி வாங்க வருகிறவர்களுக்கு நானே மஞ்சள் வைத்துத்தான் கையில் தருவேன். செத்தவர்களுக்குப் படைக்கிற துணிக்கு மட்டும் மஞ்சள் கிடையாது. அக்கா ஊரிலும் இதே பழக்கம்தான். இது எனக்குத் தெரியாதா? பட்டுக்காரிக்கு இது தெரியாவிட்டால் வேறு எது தெரியும்?

கொழும்பு ஏர்போர்ட்டில் என் பெட்டியைப் பிரித்தார்கள். துணிப் பையைத் தூக்கிப் பார்த்த ஆபீசர் கத்தரிக்கோலால் தையலை வெட்டினார். வேட்டியை உதறிப் பார்த்துவிட்டு ஒரு சுருட்டாகத் திருப்பிக் கொடுத்தார். நெய்த வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்! பேஜாராகிப் போனது. அப்படியே திணித்துக்கொண்டு வேன் ஏறினேன்.

மன்னார்ப் பக்கம் போகப் போக வெயிலும் பனைமரமும்தான். திருக்கேதீஸ்வரத்தில் எங்கள் டிரைவர், அந்த ஊர்த் தமிழர், கதை சொன்னார். பழைய கோயிலைப் பறங்கிகள் இடித்துக் கல்லைக் கோட்டை கட்டக் கொண்டுபோனார்களாம். பல தலைமுறை காடாகக் கிடந்து, பிறகு தோண்டியபோது லிங்கம் வந்ததாம். சந்தவாசல்காரர்கள் உடனே, "எங்க பக்கம் படவேட்டுலயும் அப்பிடித்தாங்க, தோண்டத் தோண்டக் கோயிலா வந்துகினே இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்கள். டிரைவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் குடுத்து வச்ச ஆக்கள். இஞ்ச தோண்டினா வேற எல்லாம் வரும்" என்றார்.

அவர் சொன்னது போகப் போகத்தான் புரிந்தது. ரோட்டோரம் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தது, கண்ணிவெடி, இறங்காதே என்று. தலையில்லாத பனைகள் வரிசையாக நின்றன. கூரையில்லாத வீட்டுக்குள் ஒரு வேப்பமரம் முளைத்து, ஜன்னல் வழியாகக் கிளையை நீட்டியிருந்தது. புதுக் கோயில், புதுக் கோபுரம், பளபளவென்று பெயின்ட். அதற்கு எதிரிலேயே சுவரெல்லாம் குண்டுத் துளை. நான் கோயில் பார்க்க வந்தவள். எந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் கண் பக்கத்துச் சுவருக்குப் போய்விட்டது. சேத்துப்பட்டு டீச்சர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "நாம ஏம்மா இங்க வந்தோம்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

நல்லூர்த் தரிசனம் முடிந்து லாட்ஜ் அறையில் பெட்டியை அடுக்கினேன். அன்றைக்குத்தான் அக்காவின் தங்கை வீட்டுக்குப் போகிற நாள். சுருட்டிக் கிடந்த வேட்டியை எடுத்துக் கட்டிலில் விரித்தேன்.

"கட்டிக் குடுத்தத ஏம்மா கிளறுற?" என்றார் டீச்சர்.

"கசங்கிப் போச்சுங்க, இப்படியா குடுக்கறது?"

மடிக்கும்போது முனையைப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. நாலு முனையையும் திருப்பினேன், எதிலும் இல்லை. ஐயோ பாவம், அக்கா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்துவிட்டார் என்று மட்டும்தான் நினைத்தேன்! நாலு முனையையும் திருப்பிப் பார்த்த கழுதைக்கு, ஐந்தாவதாக ஒரு நொடி யோசிக்கத் தோன்றவில்லை. அர்ச்சனை வேண்டாம் என்றதும், பிரிக்காதே என்று தைத்ததும் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கைப்பையில் மஞ்சள் டப்பா எப்போதும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கரைக்குப் பக்கத்தில் அழகாகத் தொட்டு வைத்தேன். "பிள்ளை நல்லபடியா வந்து கட்டட்டும்" என்று வாய்விட்டு வேறு சொன்னேன்.

கிளிநொச்சியில் மற்றவர்கள் சாப்பிட இறங்கினார்கள். நான் ஆட்டோ பிடித்துப் போனேன். தகரக் கூரை போட்ட வீடு, சுற்றி வேலி, வாசலில் இரண்டு தென்னம்பிள்ளை. தங்கை அக்காவின் அச்சு. அதே நெற்றி, அதே மெலிந்த கை. சுவரில் அந்தப் பையனின் படம் இருந்தது. மாலை இல்லை, விளக்கில்லை. படத்தின் இரண்டு ஓரமும், கையில் பிடித்துப் பிடித்து, வெளுத்துப் போயிருந்தன.

தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அக்காவின் முழங்கால் வலி, கண் பார்வை, எல்லாம் விசாரித்தாள். பிறகு, "உங்களிட்ட ஒரு விசயம் சொல்லோணும். அக்காட்ட நீங்கள்தான் சொல்லோணும். போனில என்னால ஏலாது" என்று ஆரம்பித்தாள். நான் ஒரு அவசரக்குடுக்கை. ஆட்டோக்காரர் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். "அதுக்கு முன்னாடி இத பிரிங்க, அக்கா குடுத்தது" என்று வேட்டியை மடியில் வைத்தேன்.

அவள் வேட்டியை மெல்லப் பிரித்தாள். கட்டை விரல் கரையைத் தடவிக்கொண்டே போய் முனையில் நின்றது.

"மஞ்சள் வச்சு விட்டிருக்கிறா" என்றாள்.

"ஆமாங்க" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பாசத்தில் அழுகிறாள் என்று எண்ணி நானும் கூட அழுதேன். ஓய்ந்த பிறகு, "இன்னாமோ சொல்லணும்னீங்களே?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ. அவன் வரேக்க கட்டுவான் எண்டு சொல்லுங்கோ."

வேட்டியைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த நாள் திருக்கோணேஸ்வரம். மலை நுனியில் கோயில், கீழே கடல். இடித்த பழைய கோயிலின் தூண்கள் இன்னும் கடலுக்கடியில் கிடக்கின்றன என்றார்கள். தெருக்காரர்களின் அர்ச்சனைச் சீட்டோடு, நானாக அந்தப் பையனின் பெயரையும் சேர்த்தேன். நட்சத்திரம் தெரியாததால் பெயரை மட்டும் சொல்லிச் செய்யச் சொன்னேன். குருக்கள் உயிரோடு இருக்கிறவர்களின் வரிசையில் அவன் பெயரையும் படித்தார். தட்டில் வந்த பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆரணிக்குத் திரும்பிய மறுநாள் மத்தியானம் அக்கா பையோடு வந்தார். கோயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சேலையை மடியில் போட்டு, நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"வேட்டியப் பாத்து என்ன சொன்னவள்?"

"சொல்லவே முடியலக்கா, அப்படி ஒரு அழுகை. தேடிகினுதான் இருக்காங்களாம். அவன் வந்து கட்டுவான்னு சொல்லச் சொன்னாங்க. பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாங்க."

அக்காவின் விரல் நின்றது. "பெட்டிக்குள்ளயோ?"

"ஆமா, பத்திரமா."

"படைக்கேல்லையா? ஒண்டும் சொல்லேல்லையா? நான் மஞ்சள் வைக்காமல்தானே விட்டனான்."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. "நான் வெச்சேன்க்கா" என்றேன். "நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சு, நான்தான் வெச்சேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் நான்தான் கத்தினேன், செய்த தப்பையும் செய்துவிட்டு. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா! இன்னா சேதின்னு எங்கிட்ட சொன்னா இன்னா கொறஞ்சுடும்?"

"சொன்னா அவன் செத்துப் போயிடுவான், பிள்ளை."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்காதான் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்காரர் செத்த அன்று தங்கைக்குப் போன் அடித்தாராம். கொள்ளி வைக்க ஆளில்லை என்று அழுதாராம். "அவன் வந்து எல்லாம் செய்வான்" என்று தங்கை சொல்வாள் என்று காத்திருந்தாராம். அவள் சொல்லவில்லை, கூடச் சேர்ந்து அழுதாள். அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. ஆனால் அதை அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அவளுக்கும் சொல்ல வாய் வரவில்லை. இவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருக்கிறாளே என்று இவர் "தேடுங்கோ" என்றார். "அவளுக்கும் வயசு போகுது. எத்தினை நாளைக்கு வெயிலுக்க இருப்பாள்? காணும், படைச்சு விடு எண்டு சொல்லத்தான் அந்த வேட்டி" என்றார்.

நான் போனை எடுத்து வீடியோ கால் போட்டேன். தங்கையின் முகம் வந்ததும், "அந்த மஞ்சள் உங்கக்கா வெக்கலங்க, நான் வெச்சது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்கா போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நான் வைக்கேல்லையடி" என்றார்.

பிறகு அவள் கேட்டாள், "அப்ப உனக்குத் தெரியுமே?"

"தெரியும்."

"சண்டையின்ர கடைசி மாசம் அக்கா. கடற்கரையில. என்ர கையாலதான் மண் தள்ளினன்." இத்தனை வருஷம் அடக்கியது அத்தனையும் வெடித்து வந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். இங்கே அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அழு, அழு, நல்லா அழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தறியில் இருந்த என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். கூடத்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

அழுது தீர்ந்த பிறகு தங்கை கேட்டாள், மஞ்சள் பட்ட வேட்டியை எப்படிப் படைப்பது என்று. அக்கா என்னைப் பார்த்தார். "தண்ணியில அலசி வெயில்ல போடுங்க. மஞ்சள வெயிலு தின்னுடும்" என்றேன். பருத்தியில் தின்னும். பட்டு மஞ்சளைப் பிடித்தால் லேசில் விடாது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அந்த நேரம் மனசு வரவில்லை.

வருகிற அமாவாசைக்குப் படைப்பதாக முடிவாயிற்று. தினமும் சாயங்காலம் அவள் கொடியில் கிடக்கும் வேட்டியைப் போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்புவாள். மறுநாள் மத்தியானம் அக்கா வந்ததும், முனையைப் பெரிதாக்கிக் காட்டுவேன். முதல் நாள் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் மங்கியது. அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டது. அமாவாசைக்கு முந்தின நாளும் பார்த்தோம். வெளிறிப்போய், விரல் நுனி அளவுக்கு, இருக்கத்தான் இருந்தது.

"ஜல்தியா வேற ஒண்ணு பார்சல் போட்டுடறேன்க்கா. அடுத்த அமாவாசைக்கு வெச்சுக்கலாம். இதே கரையில புதுசா..." என்று அழுகையோடு எழுந்தேன். கை தன்னால் அலமாரிப் பக்கம் போனது.

அக்கா என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார். போனை வாங்கி, அந்த முனையைக் கட்டை விரலால் தடவினார், துடைப்பது போல. படம் நகர்ந்து நகர்ந்து போயிற்று. திரும்பக் கொண்டுவரத் தெரியாமல் என்னிடமே நீட்டினார்.

"இருக்கட்டும் பிள்ளை" என்றார். "மஞ்சள் கலியாண வேட்டிக்கும்தானே வைக்கிறது. அவனுக்கு அதும் ஒண்டு நடந்ததாப் போகட்டும்."

பிறகு சேலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு குச்சு கட்ட ஆரம்பித்தார். முடிச்சு ஒன்றுகூடச் சரியாக விழவில்லை, நூல் வழுக்கி வழுக்கிப் பிரிந்தது. வாங்கி நானே கட்டித் தரலாம். பக்கத்தில்தான் இருந்தேன். என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் கட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.